மெடலும் ஒரு சொட்டுக் குழாயும்

மனிதன் நீரை அடக்கிய நாளில்தான் நாகரிகம் பிறந்தது. ஆற்றுக்குக் கரை கட்டினான், கரையில் மதகு வைத்தான், மதகுக்குப் பக்கத்தில் ஊர் அமைத்தான். நீரின் குணத்தை அறிந்தவன் எவனோ அவனே உலகை ஆள்வான்.

அப்படி நீரின் குணத்தை முழுக்க அறிந்த ஒருவன், பல்கலைக்கழகத்தில் அதற்காகவே தங்கப் பதக்கம் வாங்கியவன், அன்று காலை ஓர் அலுவலகத்தின் வரவேற்பறையில் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு குழாயின் திருகோடு நின்றுகொண்டிருந்தான். திருகு மட்டும்தான் அவன் கையில் இருந்தது. குழாய் சுவரில் இருந்தது. தண்ணீர் தரையில் இருந்தது.

"கழண்டு வந்திருச்சு," என்றான்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட பெண் மெதுவாகத் தலையாட்டினாள். அறை நடுவில் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்ற டைக்காரர், "ம்... இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். மூலை நாற்காலியில் ஒரு தாடிக்காரர் கண்களைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தார்.

மூன்று பேர். தேர்வுக் குழு என்றால் மூன்று பேர்தான் இருப்பார்கள். இது அவனுக்குத் தெரியும். தெரியாதது, குழாயை எப்படி நிறுத்துவது என்பது மட்டுமே.

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பதக்கம் வாங்கிய மறுநாளிலிருந்து தெருவே அவனை 'மெடல்' என்றுதான் கூப்பிட்டது. முதலில் மரியாதையாக. வேலை கிடைக்காமல் நாள் போகப் போக, அதே சொல், வேறு குரலில்.

தங்கியிருந்தது அக்கா வீட்டில். அத்தான் பிளாஸ்டிக் வாளி, குடம், முக்காலி விற்கும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். சாப்பிடும்போது மட்டும்தான் பேசுவார். அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

"ஏம்ப்பா மெடல், நீ என்ன படிச்சேன்னு சொன்னே?"

"திரவ இயக்கவியல், அத்தான்."

"அப்படின்னா?"

"தண்ணி எப்படி ஓடுதுங்கறதைப் பத்தி."

"கீழ்ப்பக்கமா ஓடும்," என்றார் அத்தான். "இதைச் சொல்லவா உன்னை இத்தனை வருஷம் உள்ளே வச்சிருந்தாங்க?"

"அவனைச் சும்மா விடுங்க," என்று அக்கா பரிந்து வருவாள். "மெடல் வாங்கினவன் அவன்."

"நான் வேண்டாங்கலையே. மெடலைக் கழுத்துல மாட்டிக்கிட்டே கடையில உக்காரட்டும். வாளி வாங்க வர்றவங்களுக்கும் ஒரு நம்பிக்கை வரும்."

அந்தக் கடை, பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. அவனுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஏற்கெனவே அங்கே வாளி வாங்கியிருந்தார். மூடி சரியில்லை என்று திரும்ப வரப்போவதாகவும் சொல்லியிருந்தார். அந்த மூடியைத் தான் மாற்றிக் கொடுக்கும் காட்சி அடிக்கடி கனவில் வந்து மெடல் அலறி எழுந்தான்.

கடைசியில் போன வாரம் அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு இன்டர்வியூதான். கிடைச்சா எனக்கும் சந்தோஷம். கிடைக்கலேன்னா திங்கக்கிழமை கடை ஷட்டரை நீதான் தூக்கறே."

"கிடைச்சிரும்," என்றாள் அக்கா. "நான் அவனை டிரெய்னிங்ல சேத்து விட்டிருக்கேன்."

அது வேலை தேடும் பட்டதாரிகளுக்கான செயல்திறன் பயிற்சி மையம். அதன் மாஸ்டர் கோட்டு போட்டிருப்பார். பேசும்போது மேசையைத் தட்டுவார். முதல் வகுப்பிலேயே எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கு. அதுதான் உங்க வியாதி," என்றார்.

வகுப்பு அதிர்ந்துபோனது.

"அறிவை வச்சுக்கிட்டு கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்? ஊறுகாயா போடுவான்? அவனுக்குச் செயல்திறன் வேணும். அதைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதனால இப்பல்லாம் கேள்வியே கேக்கறதில்லை. ஒரு பிரச்சினையை உண்டாக்கி விட்டுட்டு, ஓரமா நின்னு பாக்கறான்."

"சார், அது டெஸ்டா, நிஜமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று மெடல் எழுந்து கேட்டான்.

"கேட்டே, போச்சு!" மாஸ்டர் மேசையைத் தட்டினார். "'இது டெஸ்டா'ன்னு வாயைத் திறந்து கேட்டவன் எவனுக்கும் இதுவரைக்கும் வேலை கிடைச்சதில்லை. நீ வாசப்படியை மிதிச்சதுலேர்ந்து எல்லாமே டெஸ்ட்தான். வாட்ச்மேன் முதலாளியா இருப்பான். சும்மா உக்காந்திருக்கறவன் முதலாளிக்கே முதலாளியா இருப்பான். நீ பாட்டுக்கு அந்த இடமே உன்னோடதுங்கற மாதிரி நடந்துக்கணும்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். மாஸ்டர் இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அன்றைய இன்டர்வியூ, கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில். 'பட்டம் முக்கியமல்ல, செயல்திறனே முக்கியம்' என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். மெடல் சீக்கிரமே போய்விட்டான். கேட்டில் இருந்த வாட்ச்மேனைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்து, "வணக்கம் சார். உங்க தலைமையில வேலை செய்யறதை நான் பெருமையா நினைக்கறேன்," என்றான்.

வாட்ச்மேன் அதிர்ச்சியோடு தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"ரெண்டாவது மாடி," என்றார் கொஞ்சம் விலகி நின்று. "கதவு திறந்துதான் இருக்கு. போய் உக்காருங்க."

மேலே வரவேற்பறையில் அந்த மூன்று பேரும் இருந்தார்கள். யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை, சான்றிதழைக் கேட்கவில்லை. மூன்று பேரும் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு ஒரே மாதிரி புன்னகை செய்தார்கள்.

"உக்காருங்க," என்றாள் கண்ணாடிப் பெண்.

"பரவாயில்லை. நீங்க உக்காருங்க," என்றான் மெடல்.

"நான் உக்காந்துதான் இருக்கேன்."

"நல்லது."

"நாற்காலி எல்லாம் வசதியா இருக்கா?" என்று கேட்டார் டைக்காரர், நாற்காலிகளைத் தானே வாங்கிப் போட்டவர் போல.

"ரொம்ப வசதி சார்," என்றான் மெடல், உட்காராமலே.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்.

நான்கு தலைகளும் திரும்பின. சுவரில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு குழாய். குழாயின் நுனியில் ஒரு சொட்டு உருண்டு, பெருத்து, யோசித்து, விழுந்தது.

மெடலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டடங்களைப் பராமரிக்கும் கம்பெனி! அதன் வரவேற்பறையிலேயே ஒழுகுகிற குழாய்! இது ஒழுகும் குழாய் இல்லை, ஒழுகவிடப்பட்ட குழாய். அதுவும் தண்ணீர். அவனுடைய பாடம். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு இவனுக்கென்றே தயார் செய்திருக்கிறார்கள்!

டைக்காரர் ஓர் அடி எடுத்து வைத்தார். கண்ணாடிப் பெண் பாதி எழுந்தாள். மெடல் முந்திக்கொண்டான். ஒரே தாவலில் குழாய்க்கு முன்னால் போய் நின்று, குழுவைப் பார்த்துத் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இந்தச் சொட்டு விழறதுக்குக் காரணம் உள்ளே இருக்கற அழுத்தத்துக்கும் வெளியே இருக்கற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். சொட்டோட மேல்பரப்புல ஒரு இழுவிசை இருக்கு. அது எவ்வளவு எடையைத் தாங்கும்னு ஒரு சமன்பாடு..."

"பிரமாதம்," என்றார் டைக்காரர். "அறிவு தெரியுது. செயல்?"

அந்த ஒரு சொல் மெடலைச் சுட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு குழாயின் திருகைப் பிடித்து, இறுக்கினான். இறுகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கினான். திருகு அவனோடு வந்துவிட்டது.

சொட்டு போய், தாரை வந்தது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று டைக்காரர் கேட்டது இந்தக் கட்டத்தில்தான்.

மெடல் குனிந்து பார்த்தான். இயந்திரத்துக்குக் கீழே, சுவரிலிருந்து வரும் பைப்பில் துருப்பிடித்த ஒரு வால்வு இருந்தது. "மூலத்துலயே அடைச்சிடறேன் சார்," என்று தரையில் படுத்து, தலையை உள்ளே விட்டான். வால்வை வலப்பக்கமாகத் திருப்பினால் மூடும். படித்திருக்கிறான். ஆனால் இப்போது அவன் தலைகீழாகப் படுத்திருந்தான். தலைகீழாகப் படுத்திருப்பவனுக்கு வலப்பக்கம் எது என்பதைப் புத்தகம் தெளிவாகச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தன் பலத்தையெல்லாம் திரட்டி ஒரு பக்கமாகத் திருப்பினான்.

'டக்' என்றது.

வால்வு உடைந்து, பைப்பிலிருந்து தண்ணீர் அம்பு போலக் கிளம்பியது. அறையைத் தாண்டி எதிர்ச் சுவரில் மோதியது. மெடல் நனைந்த தலையோடு எழுந்து, அதிர்ச்சியில் வாய் பிளந்து, அந்தத் தண்ணீர் போகும் பாதையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்ன அழகான வளைவு!" என்று முணுமுணுத்தான்.

அந்த அழகான வளைவு போய் முடிந்த இடத்தில் சுவிட்ச் போர்டு இருந்தது. 'பட் பட்'டென்று நீலமாகப் பொறி பறந்தது. கண்ணாடிப் பெண் மேசை மேல் ஏறிவிட்டாள்.

"கரண்டை நிறுத்தணும்!" மெடல் கத்தினான். "மெயின் எங்கே இருக்கு?"

கண்ணாடிப் பெண் டைக்காரரைப் பார்த்தாள். டைக்காரர் தாடிக்காரரைப் பார்த்தார். தாடிக்காரர் மீதிக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"மெயின் எங்கே இருக்குன்னு நானே சொல்லிட்டா," என்றார் டைக்காரர் நிதானமாக, "அப்புறம் இதுல என்ன இருக்கு?"

என்ன கறாரான குழு! மெடல் மெய்சிலிர்த்துக்கொண்டே வெளியே ஓடினான். வராந்தாவின் கோடியில் இரும்புப் பெட்டி ஒன்று தெரிந்தது. அதில் பெரிய நெம்புகோல். அதைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

கட்டடமே மூச்சை நிறுத்தியது. விளக்குகள் அணைந்தன. எங்கோ சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிகள் முனகி நின்றன. பக்கத்தில் இருந்த லிஃப்ட்டின் குழிக்குள் ஏதோ 'தடால்' என்றது. தொடர்ந்து, "அம்மா!" என்று ஒரு பெண் குரல்.

"மேல என்ன சார் நடக்குது?" என்று கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லை! நாங்க பாத்துக்கறோம்!" என்று வரவேற்பறையிலிருந்து டைக்காரரின் கம்பீரமான பதில் போனது. வாட்ச்மேன் அடங்கிவிட்டார்.

மெடல் ஓடி வந்து பார்த்தால், மேசையில் இருந்த தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெண் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்து, புன்னகையைப் பொருத்திக்கொண்டு எடுத்தாள்.

"வணக்கம். உங்க அழைப்புக்கு நன்றி."

"ஹலோ! யாரு அங்கே? நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்! நடுவுல நிக்குது!" ரிசீவரிலிருந்து வந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தறோம்."

"ஏய், யாரும்மா நீ?"

"உங்க கோபம் எங்களுக்குப் புரியுது மேடம்."

"புரிஞ்சா போய்க் கரண்டைப் போடு!"

"உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிக்கிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

ரிசீவர் இதற்குச் சொன்ன பதில் எந்த அகராதியிலும் இல்லை. கண்ணாடிப் பெண் அதைப் பக்குவமாக வைத்துவிட்டு, பெருமையோடு எல்லோரையும் பார்த்தாள்.

"அடுத்த கட்டம் வந்திருச்சு," என்றார் டைக்காரர்.

மெடல் முதல் தடவையாக லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த அலறல் நடிப்பு மாதிரி இல்லையே! ஒருவேளை... ஒருவேளை அங்கே உண்மையாகவே ஒரு பெண்மணி...

"சார்," என்றான் தயங்கி. "இது... நிஜமா..."

"நிஜமா, என்ன?" டைக்காரர் சடாரென்று திரும்பினார்.

மெடல் சுதாரித்துக்கொண்டான். "ஒண்ணுமில்லை சார்."

"நல்ல வேளை. கேட்டிருந்தீங்கன்னா எல்லாம் போயிருக்கும்," என்றார் டைக்காரர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

தப்பித்தோம் என்று மெடல் பெருமூச்சு விட்டான். மாஸ்டர் தெய்வம்!

இப்போது அவன் மூளை வேகமாக வேலை செய்தது. லிஃப்ட் இறங்க வேண்டுமானால் கரண்டு வர வேண்டும். கரண்டு வர வேண்டுமானால் சுவிட்ச் போர்டு மேல் தண்ணீர் விழக் கூடாது. சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைக் கழற்றி, தண்ணீரின் பாதையில் சாய்வாகப் பிடித்தான். பாய்ந்து வந்த தண்ணீர் பலகையில் மோதித் திரும்பி, வாசல் வழியாக வராந்தாவுக்குப் போனது. அங்கிருந்து மாடிப்படிக்குப் போய், படிப்படியாக இறங்கி, தெருச் சாக்கடையில் கலந்துவிடும். வராந்தாவின் நீளம், தரையின் சரிவு, வேகம், எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போட்டிருந்தான்.

"எல்லாரும் நாற்காலி மேல ஏறி நில்லுங்க!" என்று உத்தரவிட்டான். "தரை ஈரம். கரண்டு வந்தா ஆபத்து."

இதைச் சொன்னது தேர்வுக்கு வந்தவன், கேட்டது தேர்வுக் குழு. ஆனாலும் மறுபேச்சில்லாமல் ஏறினார்கள். டைக்காரர் ஒரு நாற்காலியில், சிலை மாதிரி. கண்ணாடிப் பெண் மேசையிலிருந்து இறங்காமலே நாற்காலிக்குத் தாவினாள். தாடிக்காரர் கண்ணைத் திறக்காமலே ஏறி நின்றார்.

"நீங்க ஏதாவது சொல்லுங்க சார்," என்று மெடல் பலகையைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக் கெஞ்சினான். "நான் செய்யறது சரியா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் தாடிக்காரர், மூடிய கண்களோடு.

டைக்காரரும் கண்ணாடிப் பெண்ணும் நாற்காலிகளின் மேலேயே கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார்கள். அதைப் பார்த்து மெடலும் நிமிர்ந்தான். பெரிய முதலாளி யார் என்பதில் அவனுக்கு இனி சந்தேகமே இல்லை.

தொலைபேசி மறுபடி அடித்தது. கண்ணாடிப் பெண் நாற்காலியிலிருந்தே எட்டி எடுத்தாள்.

"மேலேர்ந்து தண்ணி கொட்டுது!" என்று அலறியது ரிசீவர்.

எல்லோரும் வராந்தாவைப் பார்த்தார்கள். தண்ணீர் மாடிப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் சொன்னபடியே அது கீழ்ப்பக்கமாக ஓடியது. வராந்தாவின் கீழ்ப்பக்கத்தில் லிஃப்ட் இருந்தது. கதவிடுக்கு வழியாக அழகான சின்ன அருவியாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"கேக்குதா? தலை மேல தண்ணி!"

"தண்ணீர் சேவையில தடை எதுவும் இல்லைன்னு எடுத்துக்கலாமா மேடம்?" என்றாள் கண்ணாடிப் பெண். அவள் குரல் நடுங்கியது. புன்னகை மட்டும் கலையவில்லை.

மெடல் அந்த அருவியையே வெறித்துப் பார்த்தான். கணக்கு எங்கே தப்பியது? போயிற்று. வேலை போயிற்று. திங்கட்கிழமை, ஷட்டர், முக்காலி, எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் பேராசிரியர், கையில் மூடி.

கூடாது!

பலகையை எறிந்தான். உடைந்த பைப்பை எதைக் கொண்டாவது அடைக்க வேண்டும். கைக்குட்டையைத் திணித்தான். தண்ணீர் அதைத் தாடிக்காரரின் முகத்துக்கு அனுப்பி வைத்தது. அவர் அதற்கும் கண்ணைத் திறக்கவில்லை. கைக்கு வேறு எது எட்டும் என்று துழாவினான். அவனுடைய ஃபைல் எட்டியது. அதற்குள் பிளாஸ்டிக் உறை. உறைக்குள், பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு, அவனுடைய பட்டச் சான்றிதழ்.

ஒரு கணம் தயங்கினான். பிறகு உறையோடு சேர்த்துச் சுருட்டி, பைப்பின் வாயில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி.

தண்ணீர் முனகியது. துப்பியது. நின்றது.

மொட்டை மாடித் தொட்டி அந்த நேரத்தில்தான் காலியானது என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. எல்லோரும் கண்டது ஒன்றே ஒன்று: மெடலின் பட்டம், வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக, ஒரு வேலையைச் செய்தது.

பிறகு டைக்காரர் கை தட்டினார். கண்ணாடிப் பெண் கை தட்டினாள். தாடிக்காரர் முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

டைக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கி, தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து வந்து, மெடலின் கையைப் பிடித்து அழுத்தமாகக் குலுக்கினார். கண்ணுக்குள் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து நாம சேர்ந்து வேலை செய்யறோம். அதுல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை."

மெடல் நம்ப முடியாமல் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் ரொம்ப சந்தோஷம்," என்று கண்ணாடிப் பெண்ணும் வந்து கை கொடுத்தாள். மெடலுக்கும் கொடுத்தாள், டைக்காரருக்கும் கொடுத்தாள்.

"எனக்கும்," என்று தாடிக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

முழுக் குழுவும்! ஒருமனதாக! மெடல் ஈரம் சொட்டும் கையோடு போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனான்.

"அத்தான், நான்தான்."

"என்னப்பா, பஸ்ஸைத் தவற விட்டுட்டியா?"

"வேலை கிடைச்சாச்சு."

அந்தப் பக்கம் வாளிகள் அடுக்கிலிருந்து சரியும் சத்தம் கேட்டது.

"வேலையா? உனக்கா?"

"தேர்வுக் குழுவே கை குடுத்திருச்சு. நாளைக்கே சேரணும்."

"அப்படி என்னப்பா கேள்வி கேட்டாங்க?"

"கேள்வியே கேக்கலை அத்தான். தண்ணியை நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தினேன். அது கீழ்ப்பக்கமா ஓடும்னு மட்டும் தெரிஞ்சவங்களால எல்லாம் அதைச் செஞ்சிருக்க முடியாது." இத்தனை நாள் சோற்றோடு சேர்த்து விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. "இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க வாளிக்கடைக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க. நான் படிச்ச படிப்புக்கு அந்த முக்காலி தாங்காது."

அத்தான் பேசியபோது குரலில் கோபம் இல்லை. அதுதான் மெடலுக்கு என்னவோ போல் இருந்தது.

"சரிப்பா. நல்லா இரு. எம்.ஏ. படிச்ச தம்பி ஒருத்தன் ரொம்ப நாளா நடையா நடந்துக்கிட்டிருக்கான். உனக்காகத்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இதோ எதிர்லயே நிக்கறான். ஏ தம்பி, இந்தா, பிடி சாவியை! இனிமே ஷட்டரை நீதான் தூக்கணும்!"

சாவிக்கொத்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் சத்தம் போனில் துல்லியமாகக் கேட்டது. அழைப்பைத் துண்டித்த கையோடு அக்கா கூப்பிட்டுவிட்டாள்.

"டேய், அத்தான் இப்பதான் சொன்னாரு! எதிர் வீடு, பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாருக்கும் சொல்லிட்டேன்டா! இனிமே எவளாவது உன்னை மெடல்னு இழுத்துச் சொல்லட்டும், பாக்கறேன்!" அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மெடலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இனி ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி. அந்த நடிகையை லிஃப்ட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். வேலை கிடைத்தவனின் நடையில் வராந்தாவின் கோடிக்குப் போய், ஒரு துடைப்பக் கட்டையால் நெம்புகோலை மேலே தள்ளினான். மற்ற மூவரும் அவன் பின்னாலேயே வந்து, லிஃப்ட்டுக்கு முன்னால் வரிசையாக, வரவேற்புக் குழு மாதிரி நின்றார்கள்.

விளக்குகள் எரிந்தன. லிஃப்ட் இருமியது, ஏறியது, நின்றது. கதவு திறந்தது.

முதலில் தண்ணீர் வெளியே வந்தது. பிறகு ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வந்தார். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். தோள் பை மெல்லிய தாரையாக ஒழுகிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தார்.

"பிரமாதம் மேடம்!" மெடல் கை தட்டினான். "நிஜம்னே நம்பிட்டேன்."

"குரல்ல அந்தக் கோபம் இருக்கே, அருமை," என்றார் டைக்காரர்.

"போன்ல பேசினது நான்தான் மேடம்," என்றாள் கண்ணாடிப் பெண்.

மாடிப்படியில் தடதடவென்று வாட்ச்மேன் ஏறி வந்தார். பெண்மணியைப் பார்த்ததும் விறைத்து நின்று சலாம் வைத்தார். அந்த அம்மாள் அவரைக் கவனிக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வரவேற்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருகிய சுவிட்ச் போர்டு. குளமான தரை. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் செருப்புத் தடம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு சுருட்டிய பட்டம்.

"நம்ம..." என்றார் கடைசியில். "நம்ம ஆபீஸ் ஆளுங்கல்லாம் இங்கே என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?"

மெடல் அடக்கத்தோடு ஓர் அடி பின்வாங்கி, டைக்காரரைக் கை காட்டினான். "எல்லாம் சாரோட வழிகாட்டுதல்தான் மேடம்."

டைக்காரர் அதைவிட அடக்கத்தோடு பின்வாங்கி, தாடிக்காரரைக் கை காட்டினார்.

தாடிக்காரர் இரண்டு கண்களையும் திறந்து, மெடலைக் கை காட்டினார்.

"நம்ம ஆளுங்க இன்னும் யாரும் வரலை மேடம்," என்றார் வாட்ச்மேன். "இவங்க நாலு பேரும் இன்டர்வியூவுக்கு வந்தவங்க."